உங்கள் ரோஜா எந்த வகை? ரோஜா வளர்ப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோஜாச் செடி வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பாதிக் கேள்விகளுக்கு நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்களிடம் இருப்பது எந்த வகை ரோஜா? முழங்கால் உயரத்தைத் தாண்டாத செடிக்கும் ரோஜா என்றுதான் பெயர், கூரைமேல் ஏறிப் படரும் கொடிக்கும் ரோஜா என்றுதான் பெயர். ஒன்றுக்கு நல்லது செய்யும் கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிக் குறைப்பது, இன்னொன்றின் பூவையே இல்லாமல் ஆக்கிவிடும்.

தோட்ட ரோஜாவில் எத்தனை வகை இருக்கிறது?

காட்டு ரோஜா இனங்கள் மட்டும் ஏறத்தாழ நூற்றைம்பது. மனிதர்கள் கலந்து உருவாக்கிய ரகங்கள் பல்லாயிரம். ஆனால் வளர்ப்பவருக்கு ஏழெட்டு வகை தெரிந்தால் போதும்.

நீளக் காம்பு, அதன் உச்சியில் ஒரே ஒரு பெரிய பூ, நடு இதழ்கள் கூம்பாக எழும்பி நிற்கின்றன என்றால் அது ஹைப்ரிட் டீ. பூங்கொத்தில் வைப்பது பெரும்பாலும் இந்த வடிவம்தான். ஒரே கிளையில் கொத்தாகப் பூத்தால் ஃப்ளோரிபண்டா. இரண்டுக்கும் நடுவில், உயரமாக வளர்ந்து பெரிய பூக்களைச் சிறு கொத்தாகத் தருவது கிராண்டிஃப்ளோரா. 1954-இல் வந்த ‘குயின் எலிசபெத்’ என்ற இளஞ்சிவப்பு ரகத்துக்காகவே இந்தப் பிரிவை உண்டாக்கினார்கள். இலை, பூ, காம்பு எல்லாமே சிறுத்திருப்பது மினியேச்சர். பட்டன் ரோஜா என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். நாலாபுறமும் கிளைத்துப் பரவி நிற்பது புதர் ரோஜா. இங்கிலாந்தில் டேவிட் ஆஸ்டின் உருவாக்கிய, கிண்ணம் போல இதழ் நிரம்பிய ரகங்களும் இதில்தான் சேரும். நீண்ட கிளைகளைக் கட்டி ஏற்ற வேண்டியது கொடி ரோஜா. அதிலேயும் இரண்டு உண்டு: தடித்த கிளையும் பெரிய பூவும் உள்ள கிளைம்பர், வளைந்து கொடுக்கும் மெல்லிய கிளையில் சின்னச் சின்னப் பூவாகக் கொட்டும் ராம்ப்ளர்.

அப்புறம் பழைய ரோஜாக்கள்: காலிகா, டமாஸ்க், பூர்பன், சைனா என்று ஒரு பெரிய குடும்பம். பிரான்ஸில் 1867-இல் வந்த ‘லா ஃபிரான்ஸ்’ ரகத்தை முதல் ஹைப்ரிட் டீயாகக் கொள்வது வழக்கம். அதற்கு முன்பே இருந்த பிரிவுகள் பழைய தோட்ட ரோஜா, பின்னால் உருவானவை நவீன ரோஜா. பிரிவின் வயதுதான் இங்கே கணக்கு. 1868-இல் வந்த ‘ஸெஃபிரின் ட்ரூவின்’ பூர்பன் பிரிவைச் சேர்ந்தது என்பதால் அதுவும் பழைய ரோஜாதான்.

பெயர் தெரியாத செடி ஒன்று இருக்கிறது. வகையை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு வருஷம் கவாத்து செய்யாமல் பாருங்கள். காய்ந்த குச்சியை மட்டும் எடுங்கள். மூன்று விஷயங்களைக் குறித்து வையுங்கள்: தனிப் பூவா கொத்தா, வருஷத்தில் ஒரு தரம் பூக்கிறதா மறுபடி மறுபடி பூக்கிறதா, புதுக்கிளை எவ்வளவு நீளம் போகிறது. ரகத்தின் பெயர் தெரியாமலே போகலாம். ஆனால் இந்த மூன்றும் தெரிந்தால் அந்தச் செடியை என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பது தெரிந்துவிடும்.

முதல் முறையாக வளர்க்கிறேன். எதில் தொடங்கலாம்?

ஃப்ளோரிபண்டா அல்லது புதர் ரோஜா. ஹைப்ரிட் டீயின் ஒற்றைப் பூவைப் பார்த்து மயங்கி அதை வாங்கிவந்து, முதல் நோயிலேயே மனம் தளர்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஹைப்ரிட் டீ கவனிப்பை அதிகம் கேட்கும். ஒரு அலை பூத்து முடிந்தால் அடுத்த அலைக்கு ஒன்றரை மாதம் போலக் காத்திருக்கவும் வேண்டும். ஃப்ளோரிபண்டாவில் கொத்தில் ஒரு பூ உதிரும்போது பக்கத்து மொட்டு விரிந்துகொண்டிருக்கும். ஜெர்மனியில் கோர்டஸ் நிறுவனம் 1958-இல் கொண்டுவந்த ‘ஐஸ்பெர்க்’ என்ற வெள்ளை ஃப்ளோரிபண்டா இன்றும் உலகம் முழுக்கத் தோட்டங்களில் இருக்கிறது. கொஞ்சம் மறந்தாலும் பூக்கும் செடி அது. 2000-இல் வந்த ‘நாக் அவுட்’ புதர் ரோஜா கரும்புள்ளி நோயைத் தாங்குவதற்காகவே பெயர் வாங்கியது. வாசனை எதிர்பார்த்து அதை வாங்காதீர்கள்.

இப்போது வரும் ரோஜாக்களில் ஏன் வாசனையே இல்லை?

எல்லாமே வாசனை இழந்துவிடவில்லை. விற்பனைக்காக வெட்டும் ரோஜாவில் நீண்ட காம்பும், கசங்காத தடித்த இதழும், பல நாள் வாடாத குணமும் வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வழியில் வாசனை பின்தங்கியது. வாசனைதான் முக்கியம் என்றால் டமாஸ்க், பூர்பன், பன்னீர் ரோஜா வகைகள், டேவிட் ஆஸ்டின் ரகங்கள் என்று தேடுங்கள். வாங்கும் முன் ஒரு தரம் காலை வெயில் ஏறும் நேரத்தில், பாதி விரிந்த பூவை முகர்ந்து பாருங்கள். வாடத் தொடங்கிய பூவை முகர்ந்து ஒரு ரகத்தை ஒதுக்குவது அந்தச் செடிக்குச் செய்யும் அநியாயம்.

என் செடி வருஷத்தில் ஒரே ஒரு தரம்தான் பூக்கிறது. என்ன குறை?

குறையே இல்லாமல் இருக்கலாம். காலிகா, பெரும்பாலான டமாஸ்க், பல ராம்ப்ளர்கள் எல்லாம் இயல்பிலேயே ஒரு தரம் பூப்பவை. மறுபடி மறுபடி பூக்கும் குணம் பெரும்பாலும் சீன ரோஜாக்கள் வழியாக வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அவை ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்த ரோஜாக்களோடு கலந்த பிறகுதான் இன்றைய ரோஜா உருவானது.

ஒரு தரம் பூக்கும் செடி பழைய கிளையில்தான் மொட்டு வைக்கும். போன பருவத்தில் வளர்ந்த கிளைதான் இந்த வருஷம் பூக்கும். இது தெரியாமல் என் ராம்ப்ளர் ஒன்றை, பக்கத்தில் இருந்த ஹைப்ரிட் டீயோடு சேர்த்து ஒரே நாளில் வெட்டினேன். ஹைப்ரிட் டீ பூத்தது. ராம்ப்ளர் ஆள் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று வளர்ந்தது. ஒரு மொட்டுக்கூட வரவில்லை. அந்த வருஷம் முழுக்க உரம் போதவில்லை, வெயில் போதவில்லை என்று என்னென்னவோ நினைத்தேன். வெட்டியெறிந்த குச்சிகளில்தான் அந்த வருஷத்துப் பூ இருந்தது. இந்த வகைக்குக் கவாத்து பூத்து முடிந்தவுடன், அதுவும் லேசாக.

திடீரென்று என் சிவப்பு ரோஜா வெள்ளையாகப் பூக்கிறது. எப்படி?

பெரும்பாலும் வேர்ச்செடி மேலே வந்துவிட்டது என்று அர்த்தம். நர்சரியில் வாங்கும் ரோஜாக்களில் பல ஒட்டுச்செடிகள். வலுவான ஒரு ரோஜாவின் வேரில் நீங்கள் விரும்பும் ரகத்தின் கண்ணை, அதாவது கிளையில் துளிர் கிளம்பும் புள்ளியை, வைத்து ஒட்டியிருப்பார்கள். ஒட்டிய இடம் செடியின் அடியில் முழங்கை போலப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்புக்குக் கீழிருந்து, சில சமயம் மண்ணுக்குள்ளிருந்தே, ஒரு கிளை கிளம்பும். மற்ற கிளைகளைவிட வேகமாகப் போகும், இலையின் நிறமும் முள்ளும் வேறு மாதிரி இருக்கும். பார்ப்பவர்கள் செடி நன்றாக வருகிறது என்று சந்தோஷப்பட்டு விட்டுவிடுவார்கள். அது மேல் ரகத்தின் சாப்பாட்டைத் தின்று கடைசியில் செடியையே கைப்பற்றிவிடும். வேர்ச்செடியாகப் பயன்படும் ‘மல்டிஃப்ளோரா’ ரோஜா வெள்ளையாகச் சிறு கொத்தில் பூக்கும், ‘டாக்டர் ஹியூ’ அடர்சிவப்பாகப் பூக்கும்.

ஒரே இலைக்காம்பில் ஏழு சிற்றிலை இருந்தால் அது வேர்ச்செடி, ஐந்து இருந்தால் நல்ல கிளை என்று பலர் சொல்வார்கள். அதை நம்பி வெட்டாதீர்கள். ஏழு சிற்றிலை விடும் நல்ல ரகங்கள் எத்தனையோ இருக்கின்றன. மண்ணைக் கையால் விலக்கி, கிளை எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்ப்பதுதான் நம்பகமான வழி. புடைப்புக்குக் கீழே என்றால் கத்தரியால் வெட்ட வேண்டாம், அடியோடு பிய்த்து எடுங்கள். வெட்டினால் மீதிக் கட்டையிலிருந்து இரண்டு மூன்றாகத் துளிர்க்கும்.

எங்கே, எப்படி நடுவது?

தினம் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். வெயில் கடுமையான ஊர் என்றால் காலை வெயில் முழுதாகவும் பிற்பகலில் கொஞ்சம் நிழலும் கிடைத்தால் இதழ் கருகாது. மண் லேசான அமிலத்தன்மையோடு, 6 முதல் 6.5 வரை பிஎச் இருந்தால் சத்து நன்றாக ஏறும்.

குழி தோண்டியதும் அதில் தண்ணீர் நிறைத்துப் பாருங்கள். சில மணி நேரத்தில் வடிந்துவிட வேண்டும். மறுநாளும் தேங்கி நின்றால் அந்த இடத்தில் ரோஜா வேண்டாம், அல்லது மேடு கட்டி நடுங்கள். ரோஜாவுக்குத் தண்ணீர் பிடிக்கும், ஆனால் தண்ணீரில் நிற்கப் பிடிக்காது. ஒட்டுப் புடைப்பு எங்கே இருக்க வேண்டும் என்பது இடத்தைப் பொறுத்தது. மண் உறையும் குளிர்காலம் உள்ள இடங்களில் சில அங்குலம் மண்ணுக்குள் போகும்படி நடுவார்கள். உறைபனி இல்லாத இடங்களில் மண்மட்டத்துக்குச் சற்று மேலே தெரியும்படி விடுவார்கள்.

இன்னொன்று. பல வருஷம் ரோஜா இருந்த இடத்திலேயே புது ரோஜாவை நட்டால் அது வளராமல் குன்றிப்போவது உண்டு. வேறு இடம் இல்லையென்றால் ஒன்றரை அடி ஆழத்துக்கு மண்ணை எடுத்துவிட்டு, ரோஜா நடாத இடத்து மண்ணை நிரப்பி நடுங்கள்.

தொட்டியில் வளருமா?

மினியேச்சரும் சிறிய ஃப்ளோரிபண்டாவும் சந்தோஷமாக வளரும். மினியேச்சருக்குப் பத்து பன்னிரண்டு அங்குலத் தொட்டி, ஹைப்ரிட் டீக்குப் பதினாறு அங்குலமாவது இருக்கட்டும். ஆழம் முக்கியம். வடிதுளை அடைபடாமல் பாருங்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் செடியை வெளியே எடுத்து, பழைய மண்ணை உதறி, சுற்றிச் சுற்றி வளர்ந்த வேரைக் கொஞ்சம் கத்தரித்து, புது மண்ணில் வைக்க வேண்டும். வீரியமான கொடி ரோஜாவைத் தொட்டியில் வைக்காமல் இருப்பதே நல்லது.

தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டுமா?

தரையில் இருக்கும் செடிக்குத் தேவையில்லை. தினம் ஒரு செம்பு ஊற்றுவதைவிட, வாரத்துக்கு ஒன்றிரண்டு தரம் ஆழமாக நனையும்படி ஊற்றினால் வேர் கீழே இறங்கும். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் இன்று வேண்டாம். தொட்டிச் செடி வேறு கதை, வெயில் நாளில் தினமும் கேட்கும். எதற்கானாலும் அடியில் ஊற்றுங்கள், காலையில் ஊற்றுங்கள். செடியைச் சுற்றி இலைச்சருகோ மரத்தூளோ வைக்கோலோ மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும். தண்டைத் தொடாமல் போடுங்கள்.

என்ன உரம் போடுவது?

ரோஜா நிறையச் சாப்பிடும் செடி. தொழு உரம் அல்லது மண்புழு உரம் அடிப்படை. கவாத்து முடிந்து துளிர் வரும்போது ஒரு தரம், ஒவ்வொரு அலை பூத்து முடிந்ததும் ஒரு தரம் கொடுத்தால் போதும். மண் ஈரமாக இருக்கும்போதுதான் போட வேண்டும், காய்ந்த மண்ணில் போட்டால் வேர் வெந்துபோகும். தழைச்சத்து அதிகமானால் இலை செழிக்கும், பூ குறையும், அசுவினிப் பூச்சியும் தேடி வரும். நட்ட சில வாரத்துக்கு ரசாயன உரம் எதுவும் வேண்டாம்.

எப்சம் உப்பு போட்டால் பூத்துக் குலுங்கும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அதில் இருப்பது மெக்னீசியமும் கந்தகமும். மண்ணில் மெக்னீசியம் குறைந்திருந்தால் பலன் தரும், இல்லையென்றால் மண்ணில் உப்பு சேர்வதுதான் மிச்சம். இலையைப் பாருங்கள்: கீழுள்ள முதிர்ந்த இலைகளில் நரம்புக்கு இடையே மஞ்சளானால் மெக்னீசியக் குறைவாக இருக்கலாம். நுனியில் உள்ள இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்து ஏறாததால் வருவது. காரத்தன்மையுள்ள மண்ணில் இது சாதாரணம்.

கவாத்து எப்போது, எவ்வளவு?

மறுபடி மறுபடி பூக்கும் நவீன ரோஜாக்களுக்கு, செடி ஓய்விலிருந்து விழிக்கும் நேரத்தில். குளிர்நாடுகளில் குளிர்காலம் முடிந்து கண்கள் சிவந்து புடைக்கும்போது. கடும் குளிர் இல்லாத இடங்களில் மழை ஓய்ந்து குளிர் தொடங்கும்போது.

ஹைப்ரிட் டீயை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை குறைக்கலாம். ஃப்ளோரிபண்டாவுக்கு அவ்வளவு வேண்டாம். புதர் ரோஜாவை வடிவத்துக்காக மூன்றில் ஒரு பங்கு. மினியேச்சரைக் கொஞ்சம் தாராளமாகவே வெட்டலாம், தாங்கிக்கொள்ளும். எந்த வகையானாலும் முதலில் காய்ந்தது, நோய்ப்பட்டது, ஒன்றோடொன்று உரசுவது, பென்சிலைவிட மெலிந்தது, இந்த நான்கையும் எடுங்கள் (மினியேச்சருக்கும் சைனா ரோஜாவுக்கும் இந்தப் பென்சில் கணக்கு ஒத்துவராது). எடுத்தபின் பாதி வேலை முடிந்திருக்கும்.

ஒரு கிளையைக் கையில் பிடித்துப் பாருங்கள். இலை இருந்த தழும்புக்கு மேலே அரிசிமணி அளவில் சிவந்த புள்ளி ஒன்று தெரியும். அதுதான் கண். செடியின் வெளிப்பக்கம் பார்த்த கண்ணைத் தேர்ந்தெடுத்து, அதற்குக் கால் அங்குலம் மேலே, கண்ணுக்கு எதிர்ப்பக்கம் தாழும்படி லேசாகச் சாய்த்து வெட்டுங்கள். வெட்டுமுகத்தின் நடுவைப் பாருங்கள். வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ இருந்தால் சரி. பழுப்பாக இருந்தால் கருகல் உள்ளே இறங்கியிருக்கிறது. அடுத்த கண்வரை கீழே போய் மறுபடி வெட்டுங்கள். வெள்ளை தெரியும்வரை போக வேண்டும், மனம் வராவிட்டாலும். கத்தரி கூர்மையாக இருக்கட்டும், ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும் முன் ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள்.

கொடி ரோஜா உச்சியில் மட்டும் பூக்கிறதே?

நேராக மேலே கட்டியிருப்பீர்கள். கிளை செங்குத்தாக நின்றால் உச்சிமொட்டு மற்ற கண்களைத் தூங்க வைத்துவிடும். அதே கிளையை வளைத்துப் படுக்கைவாட்டில் கட்டிப் பாருங்கள். சில வாரத்தில் கணுவுக்குக் கணு துளிர்விட்டு, ஒவ்வொரு துளிரின் நுனியிலும் மொட்டு வரும். கம்பத்தில் ஏற்றுவதென்றால் சுற்றிச் சுற்றிக் கட்டுங்கள். கிளை இளசாக இருக்கும்போதே வளைக்க வேண்டும், முற்றினால் ஒடிந்துவிடும். மறுபடி பூக்கும் கிளைம்பருக்கு முக்கியக் கிளைகளைத் தொடாமல், பக்கக் கிளைகளை மட்டும் இரண்டு மூன்று கண் விட்டு வெட்டினால் போதும். நட்ட முதல் இரண்டு வருஷம் எதையும் வெட்டாதீர்கள்.

வாடிய பூவை வெட்டித்தான் ஆக வேண்டுமா?

மறுபடி பூக்கும் வகை என்றால், ஆமாம். விட்டுவைத்தால் செடி காய் பிடித்து விதை வளர்ப்பதில் இறங்கிவிடும். பூவுக்குக் கீழே முதலில் வரும் ஐந்து சிற்றிலை கொண்ட இலைக்கு மேலே வெட்டுவது பொதுவழக்கம். நோஞ்சான் செடியாக இருந்தால் இலையை வீணாக்காமல் பூவை மட்டும் கிள்ளுங்கள். ருகோசா என்ற காட்டு இனம் போன்ற ரோஜாக்களில் சிவந்து திரளும் காயே ஓர் அழகு, அவற்றை விட்டுவிடலாம்.

இலையில் கரும்புள்ளி, இன்னொரு செடியில் மாவு பூசினாற்போல. இரண்டுக்கும் ஒரே மருந்தா?

இரண்டும் பூஞ்சைதான், ஆனால் குணம் வேறு. கரும்புள்ளிக்கு இலைமேல் பல மணி நேரம் ஈரம் நிற்க வேண்டும். ஓரம் சிதறிய கறுப்பு வட்டம், சுற்றிலும் மஞ்சள், பிறகு இலை உதிரும். இதற்கு மாலையில் இலைமேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள். உதிர்ந்த இலையைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள், மண்ணோடு விடாதீர்கள். மாவு பூசினாற்போல வருவது சாம்பல் நோய். அதற்கு இலை நனையவே வேண்டாம். பகல் வறண்டும் இரவு ஈரக்காற்றோடும் இருந்தால் போதும், இளந்துளிரும் மொட்டுக்காம்பும் வெள்ளையாகிச் சுருளும். இதற்குக் காற்றோட்டம்தான் முதல் மருந்து. நடுவில் நெருங்கிய கிளைகளை எடுத்துவிடுங்கள்.

கந்தகத் தெளிப்பு இரண்டையும் ஓரளவு தடுக்கும், வந்ததைத் திருப்பி எடுக்காது. கடும் வெயிலில் அடித்தால் இலை கருகும். ருகோசாவுக்கு எந்த மருந்தையும் அடிக்காதீர்கள், அதன் சுருக்கம் விழுந்த இலை மருந்தைத் தாங்காது. வருஷா வருஷம் மருந்தோடு போராட வைக்கும் ரகத்தை எடுத்துவிட்டு, தாங்கும் ரகம் வைப்பதில் தவறே இல்லை.

பூச்சிகளுக்கு என்ன செய்வது?

துளிரில் மொய்க்கும் அசுவினியை வேகமான தண்ணீரால் அடித்தாலே பாதி போய்விடும். மொட்டு விரியாமல் இதழோரம் பழுப்பானால் இலைப்பேன். வெளிர்நிறப் பூக்களைத்தான் அதிகம் தேடும், அந்த மொட்டுகளைக் கிள்ளி அகற்றுங்கள். இலை மங்கி, அடியில் நூலாம்படை தெரிந்தால் சிவப்புச் சிலந்தி. வறண்ட வெப்பத்தில் பெருகும், இலையின் அடிப்பக்கத்தைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். இலையோரத்தை யாரோ வட்டமாகக் கத்தரித்தது போல இருந்தால் அது இலைவெட்டித் தேனீ. கூடு கட்ட எடுத்துப் போகிறது, செடிக்கு ஒன்றும் ஆகாது. தயவுசெய்து அதற்கு மருந்து அடிக்காதீர்கள்.

குச்சி வைத்தால் வருமா?

பூத்து முடிந்த, பென்சில் பருமனுள்ள கிளையில் ஆறிலிருந்து எட்டு அங்குலம் வெட்டுங்கள். அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே. மேலே ஓரிரு இலை விட்டு மற்றதை எடுத்துவிட்டு, மணலும் தேங்காய்நார்த் தூளும் கலந்த கலவையில் இரண்டு கணு புதையும்படி ஊன்றி, நிழலில் ஈரப்பதம் குறையாமல் வையுங்கள். துளிர் வந்ததும் வேர் வந்துவிட்டது என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள். குச்சியில் இருக்கும் சத்திலேயே துளிர்க்கும். ஒன்றரை இரண்டு மாதம் பொறுங்கள். மினியேச்சர், ராம்ப்ளர், சைனா வகைகள் சுலபமாக வரும். ஹைப்ரிட் டீயில் பல ரகங்கள் வேர் விட்டாலும் சொந்த வேரில் வீரியமாக இருப்பதில்லை.

நீல ரோஜா விதை விற்கிறார்களே, வாங்கலாமா?

வேண்டாம். நீல நிறத்துக்கு வேண்டிய டெல்ஃபினிடின் என்ற நிறமி ரோஜாவில் இயற்கையாக இல்லை. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் மரபணு மாற்றி உருவாக்கி 2009-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ரோஜாகூட ஊதா சாயல்தான். மேலும், ஒரு ரோஜா ரகத்தை விதையிலிருந்து அப்படியே திரும்பப் பெற முடியாது. ஒவ்வொரு விதையும் தனிச்செடி, தாயைப் போல இருக்காது.

செடி முழுக்கக் காய்ந்துவிட்டது. பிடுங்கிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். அடித்தண்டில் நகத்தால் தோலைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் அந்த இடம்வரை வெட்டிவிட்டு, மண்ணை லேசான ஈரத்தில் வைத்து, உரம் எதுவும் போடாமல் இரண்டு மாதம் காத்திருங்கள். ஜெர்மனியின் ஹில்டஸ்ஹைம் பேராலயச் சுவரில் ஏறியிருக்கும் பழைய காட்டு ரோஜா 1945 மார்ச்சில் குண்டுவீச்சில் எரிந்துபோனது. இடிபாட்டுக்கு அடியில் வேர் உயிரோடு இருந்து, அந்த வருஷமே துளிர்விட்டது. அது தன் சொந்த வேரில் நிற்கும் செடி, அதனால் வேரிலிருந்து வந்ததும் அதே ரோஜாதான். உங்களுடையது ஒட்டுச்செடி என்றால், துளிர் வந்ததும் மண்ணை விலக்கி அது புடைப்புக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பாருங்கள். மேலே என்றால் உங்கள் ரோஜா திரும்பிவிட்டது.